உடையாத அரக்கு

அரக்கு உருக்க அடுப்பெல்லாம் வேண்டாம், ஐயா. ஒரு மெழுகுவத்தி போதும். மலாக்கா காஜா பேராங்கில் இருக்கும் என் கிடங்குக் கதவில் இருபத்திரண்டு வருடமாக அரக்கு முத்திரை விழுகிறது. ஒன்றுகூட என் கையால் உடைந்ததில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஊர் ஊராகப் போகும் பாட்டுக் குழுக்கள், கச்சேரி வாசலில் விற்க இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும் கொண்டுவருவார்கள். பினாங்கில் அவற்றுக்கு வரி இல்லை. மலாக்காவில் இறக்கினால் உண்டு. படிவம் நிரப்பி, வரி கட்டி, சரக்கை மீட்டுத் தருவது அப்துல் கய்யூமாகிய நான். அதுவரை சரக்கு என் கிடங்கில் இருக்கும். சுங்க அதிகாரி பூட்டின் மேல் முத்திரை வைப்பார், அவரேதான் வந்து உடைப்பார். வேறு கை பட்டால் என் லைசென்ஸ் போய்விடும்.

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் பொன்னுதுரை குழுவின் சரக்கு வந்தது. முப்பத்தொரு பெட்டி. அத்தனைக்கும் பொன்னுதுரையிடம் வரிப்பணம் வாங்கினேன்; படிவத்தில் இருபத்துநான்கு என்று எழுதினேன். ஊரில் நடக்காததில்லை. ஆனால் அந்தக் குழுவின் மிருதங்கக்காரர் ஜெயபாலன் படிவத்தைப் பார்த்துவிட்டார். வாசலில் சரக்கு விற்பவரும் அவர்தான்.

"ஏழு பெட்டிய எந்தத் தொப்பிக்குள்ள ஒளிச்சீங்க பாய்?" என்று சிரித்தார். "எண்ணிட்டு வர்றேன். அதிகாரி வந்ததும் பேசிக்குவோம்."

உள்ளே போனார். மழை பிடித்தது. மழை வந்தால் கதவைச் சாத்துவது என் வழக்கம். ஈரம் பட்டால் புத்தகம் ஊதிவிடும். போன வருடமும் இதைப் பார்த்தவர் என்பதால் உள்ளே இருந்த ஜெயபாலன் சத்தம் போடவில்லை. அதிகாரி குடையோடு வந்தார். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது.

"எல்லாம் சரியா?"

"சரி, துவான்."

அரக்கு உருகியது. விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மழை விட்டதும் ஜெயபாலன் தட்டினார். தட்டுவதில்கூடத் தாளம் தப்பவில்லை.

"வெளையாட்டுப் போதும் லா. தொறங்க பாய்."

"முத்திரை விழுந்துடுச்சு தம்பி. நான் ஒடைக்க முடியாது."

"ஏழு பெட்டியப் பத்தி வாயே தொறக்க மாட்டேன் பாய்."

உள்ளே இருப்பவன் வாக்கு வெளியே வந்தால் நிற்குமா என்று யோசித்தேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு காற்றுச் சன்னல் உண்டு. அதன் வழியாகத் தண்ணீர்ப் புட்டியும் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறும் கொடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாக நான்தான் பிரித்தெடுத்தேன்.

மறுநாள் காலை பொன்னுதுரை வந்தார். தெருவெல்லாம் ஊர்வலம், வாத்தியம்.

"நம்ம ஜெயபாலனப் பாத்தீங்களா பாய்?"

"சிங்கப்பூர் பஸ்ல ஏறின மாதிரி இருந்துச்சு."

"பின்னால என்ன, யாரோ கத்துற மாதிரி கேக்குது?"

"மெர்டேக்காவாச்சே. இன்னிக்கு யார்தான் கத்தல?"

அவரும் சிரித்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி முதலில் முத்திரையைத்தான் பார்த்தார். முழுசாக இருந்தது. விசாரிக்க வந்த நீங்களும் அவர் குறிப்பில் பார்த்தீர்கள். ஜெயபாலன் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூச்சு இல்லை. பெட்டிகளில் பென்சிலால் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் போட்டு வைத்திருந்தார்.

பின்சன்னலுக்கு முத்திரை கிடையாது, ஐயா. அதில் பலகை அடித்தது நான்தான். பொன்னுதுரை போன பிறகு, எட்டு ஆணி. சாரல் பட்டால் இசைத்தட்டு கெட்டுவிடும். அன்றைக்கு மழை இல்லைதான். ஆனாலும் உள்ளே இருப்பதற்கெல்லாம் நான்தானே பொறுப்பு.