உப்பு உறைந்த குழாய்

— குழாயத் தொட்டுப் பாருங்க சார். சுடாது.

— வேண்டாம். மீட்டரைப் படிச்சுச் சொல்லு, சின்னராசு. கண்ணாடியை எங்கேயோ வச்சுட்டேன்.

— முப்பது டிகிரி. ரூம்ல இருக்கற சூடுதான். உள்ள உப்பு கல்லாட்டம் கீது.

— பெருமாளே. உருகின உப்பை ஆறவே விடப்படாதுன்னு தலைபாடா அடிச்சுண்டேனே. கரண்ட் போச்சா?

— இல்ல சார். ஹீட்டர் சுவிட்சு ஆஃப்ல கீது. யாரோ அணைச்சிருக்காங்க.

— யாரு?

— நேத்து ஆயுத பூஜை இல்ல? லேப்ல எல்லா மெஷினையும் நிறுத்திப் பொட்டு வச்சாங்க.

— இதுக்கு மட்டும் லீவு கிடையாதுடா. வருஷா வருஷம் ஓடிண்டிருக்கச்சேதானே பொட்டு வைப்போம். அது தெரியாதவன் இங்க யாரு?

— ஓரத்துலேந்து மெதுவா சூடு ஏத்திகினு வந்தா இன்னா சார்?

— ஓரத்துக்குன்னு தனி ஹீட்டர் ஏது? சிக்கனம் சிக்கனம்னு ஆபீஸ்காரா முழுக்க ஒரே ஒயரைத்தானே சுத்த விட்டா. நடுவுல உருகினா உப்பு வீங்கும், ரெண்டு பக்கமும் அடைச்சுண்டிருக்கும், குழாய் வெடிச்சுடும்.

— அப்ப குழாய மாத்தணும்.

— ஜெர்மனிலேர்ந்து வரணும். அதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன். பகல் வெயிலை உப்புல பிடிச்சு வச்சு ராத்திரி கரண்ட் எடுக்கலாம்னு தொண்ணூத்திரண்டுலேர்ந்து கெஞ்சிக் கூத்தாடி இந்த ரூமை வாங்கினேன். நாளைக்குப் பணம் குடுக்கற டெல்லிக்காரா வந்து பார்க்கச்சே இது ஜில்லுனு கிடந்தா இழுத்து மூடிடுவா.

— மாமல்லபுரம் ஓட்டல்ல எறங்கிட்டாங்களாம் சார். டிரைவர் திருவேங்கடம் சொன்னாரு.

— நேத்து இந்த ரூமுக்குள்ள யார் யார் இருந்தா?

— எனுக்குத் தெரியல சார். நான் வாசல்ல பூசணிக்கா ஒடைச்சுட்டு எல்லாருக்கும் பொரி குடுத்துகினு இருந்தேன். திரும்பி வரசொல்ல ரூமு பூட்டிக் கெடந்துச்சு.

— நான் வந்திருந்தா இது நடந்திருக்குமா? கோமளத்துக்கு ஜுரம்னு ஆத்தோட இருந்துட்டேன்.

— மாமிக்கு ஜுரம் வந்தது போன மாசம் இல்ல சார்?

— நேத்துடா. ஏன் முழிக்கறே?

— ஒண்ணுமில்ல சார். நேத்துதான்.

— யாருன்னு உனக்குத் தெரியும். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியறது. சொல்லு. அவன் இனிமே இந்த வாசப்படி ஏறப்படாது. மனுஷனா அவன்?

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க.

— யாருன்னு கேட்டேன்.

— நான்தான் சார்.

— நீயா?

— எங்க செய்யூர்ல பம்புசெட்டக் கூட அன்னிக்கு ஓட்ட மாட்டோம். அந்த நெனப்புல அணைச்சுட்டேன்.

— பாவி. உன்னை நம்பித்தானே நான் நிம்மதியாத் தூங்கினேன். வேற எவன் பண்ணியிருந்தாலும் பொறுத்துண்டிருப்பேன்டா.

— தப்புதான் சார்.

— இதைத் தவிர எனக்கு வேற என்னடா இருக்கு? போ. என் கண்ணுலயே படாதே. சாவியை வச்சுட்டுப் போ.

— இந்தாங்க. நாளைக்கு அவங்க கேட்டாலும் என் பேரையே சொல்லிடுங்க. இதயும் வாங்கிக்குங்க.

— என் கண்ணாடி. எங்கேர்ந்துடா எடுத்தே?

— காலைல வந்து பாக்கசொல்ல இந்த சுவிட்சு போர்டு மேல இருந்துச்சு. தொடச்சுட்டுப் போட்டுக்குங்க சார், சந்தனம் ஒட்டிகினு கீது.

— சந்தனமா?

— பொரி வாங்கிகினு நீங்கதானே சந்தனக் கிண்ணத்தோட உள்ள போனீங்க. வுடுங்க சார். இனிமே எங்க போனாலும் மாமியக் கூட்டிகினு போங்க. நான் கெளம்பறேன்.

— நில்லு. நேத்து நான் ஆத்துலதானே இருந்தேன்? சின்னராசு, நான் வந்தேனாடா?