கோட்டோடு வந்தவர்

ஜெர்மனியிலுள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர் தன் சட்டையில் குத்தியிருந்த ஒரு வெள்ளைக்காரரின் முகம் அச்சிட்ட பழைய தகர வில்லையைத் தொட்டுக்காட்டினார்.

"இவர்தான் எனக்கு விசா எடுத்துத் தந்தவர்."

"ஆரண்ணை இந்த வெள்ளைக்காரன்?" என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டார்.

"அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலை நிண்டவர். அங்கை ஆதரவாளர்மார் இப்பிடிக் குத்திக்கொண்டு திரிவினமாம். எனக்கு அது தெரியாது. வந்த புதிசிலை சேர்ச்சிலை தந்த பழைய கோட்டிலை இது கிடந்தது. அப்பிடியே அகதி விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போனன்."

"பிறகு?"

"நான் எந்தக் கட்சியிலையும் இல்லை எண்டு சொன்னன். அதிகாரி இதையே பாத்துக்கொண்டிருந்திட்டு, 'இந்தாள் தோத்துப்போனவர்' எண்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"மொழிபெயர்ப்பாளரைப் பாத்து, 'நானும்தான் எண்டு சொல்லுங்கோ' எண்டன்."