குளவி அடைத்த வண்டி

மார்த்தாண்டத்திலிருந்து நெய்யூர் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள்.

“உங்க தம்பிக்க பைக்கை நிறுத்திப் போட்டது ஒரு கொளவிதான் மைனி,” என்றாள் இளையவள், தன் நாத்தனாரிடம்.

“கொளவியா?”

“அவிய இறந்த பொறவு ஷெட்டுலயே கெடந்துதுல்லா. மெக்கானிக்கு கார்புரேட்டரை ரெண்டு மட்டம் கழுவி மாட்டினாரு. ஸ்டார்ட் ஆகும், இருமும், நின்னுரும். நேத்து காத்து போற குழாயைக் கழத்திப் பாத்தா, உள்ள முழுக்க கொளவிக்கூடு. சுரண்டி எடுத்துட்டு உதைச்சேன்.”

“நீயா உதைச்ச?”

“நாந்தான். அதே சத்தம் மைனி. அவிய வேலை முடிஞ்சு முக்குல திரும்பும்போ கேக்குமே, அதே சத்தம். அணைக்க மனசு வரல்ல. பெட்ரோல் தீருறது வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த மட்டம் ஸ்டார்ட் பண்ணும்போ எனக்குப் போன் போடு. நானும் கேக்கணும்.”