பூட்டியிருந்த வீடுகள்

காலையில் வாங்கிய பாலாக இருந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தேநீரில் ஊற்றுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. "எமனே வந்து நின்னாலும் அடையாள அட்டையைக் காட்டுன்னு கேப்பேடா நீ" என்று என் அக்கா கேலி செய்வாள்.

என் தொழிலுக்கு அந்தக் குணம் தோதாக இருந்தது. மலேரியாத் தடுப்பூசி முதலில் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று கணினியில் கணித மாதிரி போட்டுச் சொல்வது என் வேலை. ஊசி எல்லோருக்கும் போதாது. எங்கே போட்டால் அதிகக் குழந்தைகள் பிழைப்பார்கள் என்று கணக்கு சொல்லும், சுகாதாரத் துறை அதன்படி அனுப்பும். நான் எந்த ஊருக்கும் வேண்டியவனோ வேண்டாதவனோ இல்லை. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊசி நான்கு தவணை. முதல் மூன்றும் மாதத்துக்கு ஒன்று, நான்காவது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. அந்தக் கடைசி ஊசிக்குத் தாய்மார்கள் திரும்பி வருவார்களா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வாய்வார்த்தையை நான் நம்புவதில்லை. கேட்டால் எல்லாத் தாயும் வருவேன் என்றுதான் சொல்வாள். அதனால் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விதி போட்டுக் கொடுத்தேன். மறுபடி போனபோதும் வீடு பூட்டியிருந்தால், 'வரமாட்டார்கள்' என்று குறிக்க வேண்டும். ஆற்றங்கரைக் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு மேல் பூட்டியிருந்தன. ஆற்றங்கரை வரிசையில் கடைசிக்குப் போனது.

அங்கே செவிலியர் என் அக்காதான். மருந்தகத்துக்குப் பின்னாலேயே அவள் வீடு. அவளுக்கு ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. நாங்கள் குண்டு என்று கூப்பிடுவோம். மழை தொடங்கியதும் அக்கா என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"பூட்டின வீட்டுக்காரங்க எல்லாம் செங்கல் சூளைக்குப் போயிருந்தாங்கடா. மழை வந்தா சூளை ஏது? எல்லாரும் திரும்பிட்டாங்க. போன வருஷம் அம்மை ஊசிக்கு ஒரு பிள்ளை பாக்கியில்ல. வேணும்னா நீயே வந்து பாரு."

"அடுத்த வருஷமும் வருவாங்கன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நான் அவங்களோட இருக்கேன். நீ இந்தப் பெட்டியோட இருக்கே" என்று கணினியைக் காட்டினாள்.

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சொந்தக் குழந்தையை அங்கே வைத்திருப்பவள் தரும் தகவலை அப்படியே எடுத்துக்கொள்வது முறையா? இருந்தாலும் அவள் போன பிறகு சூளை விஷயத்தைச் சேர்த்துக் கணக்கை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஆற்றங்கரை முதலிடத்துக்கு வந்தது.

அதற்குள் அமைச்சர் முன்னால் முடிவைச் சொல்லியாகிவிட்டது. கூடவே, ஊசி போகாத பகுதிகளில் ஒரு வருடத்தில் எத்தனை குழந்தைகள் இறப்பார்கள் என்றும் சொல்லியிருந்தேன். அது பலித்தால் நாடு முழுக்க என் கணித மாதிரியைத்தான் பின்பற்றுவார்கள். புதிதாக ஓட்டியதை அழித்தேன். உதவியாளன் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது, அவனை வேறு அறைக்கு மாற்றினேன்.

நீங்கள் கேட்பது இதற்குப் பிறகு நடந்தது. அக்கா சும்மா இருக்கவில்லை. நகரத்தில் மிஞ்சிய ஊசிகளைக் குளிர்பதனக் கிடங்குக்காரரிடம் கேட்டு, ஆற்றங்கரைக்கு ஒரு பெட்டி ஏற்பாடு செய்துவிட்டாள். கிடங்குக்காரர் நல்ல மனிதர், அதனாலேயே அவர் வாயில் எதுவும் நிற்காது. "உங்கக்கா கில்லாடி சார். எங்கிட்டயே வாங்கிட்டாங்க. வண்டி கிளம்பிடுச்சு" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

நான் நிதானமாக யோசித்தேன். அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தால் அங்கே இறப்பு குறையும். என் கணக்கு பொய்த்ததாகத் தெரியும். அப்புறம் ஊசி கணக்குப்படி போகாது, அரசியல்வாதிகள் கைகாட்டும் இடத்துக்குப் போகும். அதில் எவ்வளவு உயிர் போகும்? நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், உயிர்களைத்தான் நினைத்தேன். துறைக்குத் தொலைபேசி செய்து, பெட்டியில் குளிர் விட்டுப்போய் ஊசி கெட்டிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றேன். சந்தேகம் என்றாலே போதும், அந்த ஊசியை யாரும் போடமாட்டார்கள். வண்டியைப் பாதி வழியில் திருப்பி அழைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். குளிர் விட்டுப்போகவில்லை.

மழை ஓய்வதற்குள் குண்டுவுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார் மருத்துவர். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா கட்டில் ஓரத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பெட்டியைத் திருப்பினது யாருன்னு தெரியுமாடா?"

"தெரியாதுக்கா."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் யாரையும் சந்தேகப்பட்டு அறியாதவள். மறுநாள் குழந்தை போய்விட்டது. என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தத்தித் தத்தி ஓடுவதுதான் குண்டுவுக்கு விளையாட்டு. நான் வாய்விட்டு அழுதேன், அதில் நடிப்பு இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வருட முடிவில் ஆற்றங்கரை இறப்புகளை வரைபடத்தில் வைத்தபோது, நான் முன்பே போட்ட கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தன. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். குண்டுவும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறாள்.

பெட்டியைத் திருப்பியது நான்தான். ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். என் கணக்கு தப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். தப்பாக இருந்திருந்தால், இத்தனை குழந்தைகள் செத்திருக்கமாட்டார்கள்.