ஒரு அறை மட்டும் பூட்டியிருக்கும்

சீசன் முடிந்துவிட்டால் படுக்கை விரிப்பு காய இரண்டு நாள் ஆகும். கடல்காற்றில் ஈரம் ஏறிவிடும். கம்பிக் கொடி துருப்பிடித்து விரிப்பில் கறை வைக்கும். நைலான் கொடிதான் நல்லது. வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

நான் பதினெட்டு வருடம் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். விரிப்பின் மூலையை மடித்துச் செருகுவதற்கு ஒரு கோணம் இருக்கிறது. அது பிசகினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என்னை அலட்சியமானவள் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வீடு அக்காவுடையது. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தாள். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்காமல் போன பிறகு அவளைப் பார்த்துக்கொள்ள வந்தேன். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கை கால் லீவு போட்டா என்ன குட்டி, வாய் டூட்டியிலதானே இருக்கு" என்பாள்.

முன்னறையை வாடகைக்கு விடலாம் என்று சொன்னது நான். அக்கா உடனே சம்மதித்தாள். வந்து போகிறவர்களின் முகத்தையாவது பார்க்கலாம் என்றாள். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுகிற ஆள் இல்லை அவள். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர்கள் மாமியாருக்கு என்ன வியாதி என்பது வரை தெரிந்துவைத்திருப்பாள். காலையில் காப்பியோடு அவள் நாற்காலியைச் சுற்றி உட்காருவார்கள். கிளம்பும்போது அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். படத்தை எடுப்பது நான்.

தங்கியவர்கள் ஊருக்குப் போய், அறை பதிவு செய்கிற செயலியில் மதிப்புரை எழுதுவார்கள். 'அக்காவின் பேச்சுக்காகவே திரும்ப வருவோம்.' 'அக்காவை விட்டுப் பிரிய மனமில்லை.' 'அக்காவும் அவருடைய உதவியாளரும் நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள்.' இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு மதிப்புரை. விரிப்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. சுத்தம் கண்ணில் படாது, அழுக்குத்தான் படும். வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

சீசன் இல்லாத நான்கு மாதம் கடினமானது. படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டுவிடுவார்கள். பாதிக் கடைகள் திறக்காது. நான் மெத்தைகளைப் புரட்டிப் போடுவேன், குழாய்களுக்கு வாஷர் மாற்றுவேன், சுவரில் உப்புப் பூத்த இடங்களைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பேன். அப்படியும் நாள் நீளும். தொடர்ந்து மூன்று வாரம் யாரும் வராவிட்டால் செயலியின் பட்டியலில் நம் வீடு கீழே இறங்கிவிடும். இறங்கியதைத் தூக்குவது சுலபம் இல்லை.

எங்கள் தெருவில் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மூன்று பேர்: நான், மாடிவீட்டுக்காரர், பல் டாக்டரம்மா. போன சீசன் முடிந்ததும் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். அந்த அம்மாவுக்கு இரண்டு வீடு. இரண்டும் அப்போது நிறைந்திருந்தன. மாடிவீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை.

"எப்படி டாக்டரம்மா? ஊசி போட்டுப் படுக்க வச்சிருக்கீங்களா?"

"நீங்க பழையபடி 'அறை'ன்னு போட்டிருப்பீங்க. மழையில யாரு அடுத்தவங்க வீட்டு அறைக்கு வருவா? வேலையைத் தூக்கிட்டுத் தனியா வந்து உட்கார்றவங்கதான் இப்ப வருவாங்க. முழு வீடுன்னு போடுங்க. ஆள் தொந்தரவு இல்லன்னு போடுங்க."

"நான் இருக்கேனே."

"நீங்கதான் தொந்தரவு. பொண்ணு வீட்டுக்குப் போங்க."

"அங்க நான் போனா அவ இங்க வந்துடுவா" என்றார் மாடிவீட்டுக்காரர்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் துவைக்கிற ரூம் பின்னாடி தனியா இருக்கில்ல, அதுல இருந்துக்கலாம். அக்காவைத்தான் என்ன பண்றது?"

அக்காவை என்ன செய்வது என்று முதலில் கேட்டது நான் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியமே செயலியில் 'அறை' என்று இருந்ததை 'முழு வீடு' என்று மாற்றினேன். ஒரு கட்டத்துக்குள் டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே எழுதினேன்: வீட்டில் வேறு யாரும் தங்குவதில்லை. ஒரு அறை மட்டும் பூட்டியிருக்கும். அதில் உரிமையாளரின் பொருட்கள் உள்ளன.

இப்படி எழுதுவது வழக்கம். எல்லா வீட்டிலும் அப்படி ஓர் அறை இருக்கும். எங்கள் வீட்டில் அது சமையலறைக்கு அடுத்த சாமான் அறை. கழிப்பறை ஒட்டினாற்போல் இருக்கிறது. உயரத்தில் ஒரு ஜன்னல். கட்டில் போட்டேன், சுவரைத் துடைத்தேன். நான் பின்னால் துவைக்கிற அறைக்கு மாறிக்கொண்டேன்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள்.

"உரிமையாளர் நான். உள்ள இருக்கிற பொருளும் நான். என்னையே நான் பூட்டி வச்சுக்கறேனா? நல்லா இருக்குடி நியாயம்."

"ரெண்டு நாள்தான்க்கா. சனி, ஞாயிறு."

"சரி. யாராவது கேட்டா பழைய பீரோன்னு சொல்லிடு. கதவு கொஞ்சம் கோணலா இருக்கும்னு சொல்லு."

அந்த இரண்டு நாளும் ஒரு தம்பதி தங்கினார்கள். அக்கா சத்தமே காட்டவில்லை. அவர்கள் போனதும் கதவைத் திறந்தேன். அவர்கள் சண்டை போட்டதில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவைத்திருந்தாள், இருவர் குரலிலும் நடித்துக் காட்டினாள். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. பலவந்தம் எதுவும் நடக்கவில்லை.

அடுத்து ஒரு கட்டட வரைவாளர் வந்தார். நான்கு வாரத்துக்கு மொத்தமாகப் பதிவு செய்திருந்தார். மெலிந்த மனிதர், அதிகம் பேச மாட்டார். முன்னறையில் பெரிய மேசையைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க வரைவார். மாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் நடக்கப் போவார். ஆறுக்குத் திரும்புவார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் சாமான் அறைக் கதவைத் திறப்பேன். மழையில் மரம் உப்பி, கதவு தரையை உரசிக் கிறீச்சிடும். அவர் வெளியே போனால்தான் அதைத் திறக்க முடியும். அக்காவுக்குச் சாப்பாடு, தண்ணீர், மாற்றுத் துணி. விரிப்பைத் தினமும் மாற்றினேன். விடுதியில்கூட இரண்டு நாளுக்கு ஒரு முறைதான்.

முதல் வாரம் பொறுத்துக்கொண்டாள். அவர் என்ன சாப்பிடுகிறார், கல்யாணம் ஆனவரா என்று கேட்பாள். இரண்டாவது வாரம் வேறு மாதிரி பேசினாள்.

"அந்தத் தம்பிகிட்ட உண்மையைச் சொல்லிடு குட்டி. நான் ரெண்டு வார்த்தை பேசினேன்னா சமாதானம் ஆயிடுவார்."

"வேணாம்க்கா. புகார் எழுதினா வீடு கீழ போயிடும்."

"எழுத மாட்டார். என்கிட்ட பேசினவங்க யார் எழுதியிருக்காங்க?"

அவள் சொன்னது உண்மை. அவர் எழுதியிருக்க மாட்டார். அதை நான் யோசித்தேன். ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறது. டிக் அடித்தாகிவிட்டது.

அடுத்த நாள் அவள் ஊன்றுகோலால் தரையைத் தட்டினாள். வரைவாளர் எனக்குச் செய்தி அனுப்பினார்: பூட்டிய அறையில் எலி இருக்கிறது போலும், பகலில் சத்தம் கேட்கிறது. மன்னிக்கவும், இன்றே கவனிக்கிறேன் என்று பதில் போட்டேன். விருந்தினரின் செய்திக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்வது என் பழக்கம்.

ஊன்றுகோலை எடுத்து வெளியே வைத்தேன். ரேடியோவையும் எடுத்தேன். தூக்கம் வராத நாளில் கொடுக்கச் சொல்லி அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எழுதிய மாத்திரை இருந்தது, அரை மாத்திரை என்று சீட்டில் இருக்கிறது. நான் ஒன்று கொடுத்தேன். பிறகு ஒன்றரை. கஞ்சியில் கலந்ததால் அவளுக்குக் கசக்கவில்லை. பகலில் தூங்கினாள். விழித்திருக்கும்போது நாக்குக் குழறியது. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு என் மேல ஏதாவது கோபமா குட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இல்லைதான்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, விழுந்தாள். ஊன்றுகோல் இல்லாமல் கழிப்பறைக்கு எழுந்திருக்கிறாள். நான் சமையலறையில் இருந்தேன், சத்தம் கேட்டது. கதவருகே போய் நின்றேன்.

"குட்டி, நீதானே? விழுந்துட்டேன். இடுப்புல என்னமோ ஆயிடுச்சு."

"சத்தம் போடாதக்கா."

"போடல. எலி கீழ விழுந்துடுச்சுன்னு உன் ஆளுக்குச் சொல்லிடு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவர் இருக்காரா?"

"இருக்கார்."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் தூக்கினா எழுந்துடுவேன்."

செவ்வாயும் புதனும் வரைவாளர் நடைக்குப் போகவில்லை. அதனால் கதவைத் திறக்க வழியில்லாமல் போயிற்று.

மதியத்துக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு அவரைக் கூப்பிட ஆரம்பித்தாள். தம்பி, இங்க ஒரு ஆள் இருக்கேன். தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. குரல் தெளிவாக இருந்தது, அன்று நான் மாத்திரை கொடுத்திருக்கவில்லை. தான் யார் என்று சொன்னாள். வேலை பார்த்த இடத்தைச் சொன்னாள். அவருடைய அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டாள். பயப்படாதீங்க தம்பி, உங்க மேல தப்பே இல்ல என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. இருட்டுகிறவரைக்கும் கூப்பிட்டாள். புதன் காலையிலும் கொஞ்ச நேரம்.

புதன் மாலை கதவைத் திறந்தேன். வழக்கம்போலக் கிறீச்சிட்டது. அக்காவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். உடம்பு சில்லிட்டிருந்தது. துடைத்தேன், தலை வாரினேன், புது விரிப்பு மாற்றி மூலைகளைச் செருகினேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். குளிர்காலம் என்பது ஒரு வகையில் உதவியது. கதவிடுக்கில் ஈரத்துண்டு வைத்துப் பூட்டினேன். பதிவு ஞாயிறு வரை இருந்தது. இடையில் விருந்தினரைக் கிளம்பச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது. எலித் தொல்லை தீர்ந்துவிட்டது, நன்றி என்று இருந்தது. ஞாயிறு காலை சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முன்னறையைக் கூட்டித் துடைத்துவிட்டு, பத்து மணிக்கு நானேதான் உங்கள் போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். பிடிபட்டேன் என்று எழுத வேண்டாம். அவருடைய மதிப்புரை நான் இங்கே வந்த பிறகுதான் வந்தது. உங்கள் ஏட்டு படித்துக் காட்டினார். 'இவ்வளவு சுத்தமான வீட்டை நான் பார்த்ததில்லை. விரிப்பின் மடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டைக் கவனிக்கும் அம்மா தங்கமானவர்.' இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். புதன் மாலை கதவு கிறீச்சிட்டபோது வரைவாளர் என்னவென்று கேட்கவில்லையா என்கிறீர்கள். நல்ல கேள்வி.

அவர் திங்கள் காலையே கிளம்பிவிட்டார். வடக்கே ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது, வரைகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம், இரண்டு மூன்று நாள் தங்கிப் பாருங்கள் என்று சொல்லி பஸ் நேரத்தையும் எழுதிக் கொடுத்தது நான். வியாழன் மதியம்தான் திரும்பினார். நடைக்குப் போகவில்லை என்று சொன்னது அதனால்தான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வீட்டில் அக்காவும் நானும் மட்டும். அவள் கூப்பிட்ட முன்னறையில் யாரும் இல்லை. சாவி என் இடுப்பில் இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், அவள் நிறுத்தும்வரை.

அவள் கூப்பிட்டு ஒருவர் திரும்பிப் பார்க்காமல் இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அப்படியானால் அவர் இருக்கிறார் என்று ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். வீட்டில் விருந்தினர் இருந்தால் அக்காவுக்கு ஒரு தெம்பு வரும். அந்த நேரத்தில் அவளுக்கு அதையாவது கொடுக்கலாம் என்றுதான் சொன்னேன்.