பன்னிரண்டு செக்கன்

ஒரு வீட்டுக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது கால்மிதியைத்தான். மூலை சுருண்டிருக்கிறதா, அடியில் றப்பர் இருக்கிறதா என்று காலாலேயே தட்டிப் பார்த்துவிடுவேன். விழுந்தபின் ஓடிப்போவது அம்புலன்ஸ்காரர் வேலை, ஒஃபிசர். வயதுபோனவர்கள் விழமுன் வீடு தேடிப் போவது எங்கள் வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறேன். என்மேல் ஒரு முறைப்பாடு கிடையாது.

இரத்தினவேல் அங்கிள் ரெக்ஸ்டேலில் எட்டாம் மாடியில் தனியே இருந்தார். மனைவி இல்லை, மகள் நிரூபா ஒஷாவாவில். முதல் வியாழனே அவருடைய குளியலறைக் கால்மிதியைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்தேன். மனைவி வாங்கியது என்று கொஞ்சம் முகம் கோணினார், பிறகு விட்டுக்கொடுத்தார்.

எங்களிடம் ஒரு சோதனை உண்டு. கதிரையால் எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து அதிலேயே இருக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தரம் பன்னிரண்டு செக்கனுக்குள் முடித்தால் ஆள் தேறிவிட்டார், அவருடைய ஃபைலை மூடிவிடுவோம், பிறகு அந்த வீட்டுக்குப் போகமாட்டோம். அங்கிள் தொடக்கத்தில் இருபது எடுத்தார். தனியே ரெயின் ஏறி மகள் வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்காகக் காலையும் மாலையும் ஹோலுக்குள் நடந்தார்.

வாரத்துக்குப் பதினெட்டு வீடு எனக்கு. மற்றவர்கள் ரீவியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்கள். அங்கிள் மட்டும் வியாழன்தோறும் பத்துமணிக்குக் கதவைத் திறந்துவைத்து, "பிள்ளை, காலமை சாப்பிட்டனீரோ?" என்று கேட்பார். இந்த நாட்டில் என்னை அப்படிக் கேட்க வேறு ஒருவரும் இல்லை. என்னைப் பற்றி, கிளடிஸ் அக்கா வந்தபிறகுதான் அப்பா சிரிக்கிறார் என்று நிரூபாவே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் மாதம் பதினொன்றரை செக்கனில் முடித்தார். இன்னும் ஒரு தரம், அவ்வளவுதான். அவர் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் அவர் ஊன்றி நடக்கும் அலுமினியப் பொல்லின் பொத்தானை அமுக்கி, உயரத்தை ஒரு ஓட்டை இறக்கிவிட்டேன். ஒரு அங்குலம்தான். அடுத்த வியாழன் பதினான்கு. இன்னொரு ஓட்டை இறக்கினேன், பதினேழு. ஆள் நன்றாகக் கூனிப்போய், வயது போய்விட்டது என்று கலங்கினார். நான் இருக்கிறன்தானே அங்கிள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மே மாதம் நிரூபா வந்தபோது பொல்லு கட்டையாக இருப்பதைக் கண்டு சரியான உயரத்துக்கு ஏற்றிவிட்டாள். தானாக இறங்கியிருக்கும் என்று நினைத்தார்கள். பிறகு வந்த இரண்டு வியாழனும் பத்துச் செக்கன். அங்கிள் கதிரையில் இருந்தபடியே கைதட்டிச் சிரித்தார்.

"இனி நீர் மினக்கெட வேண்டாம், பிள்ளை. வாற வியாழன் நான் ஒஷாவாவில நிப்பன்."

ஒரு மனுசர் இதை இவ்வளவு லேசாகச் சொல்லலாமா? எனக்குக் கோபம் வரவில்லை, மனம் நொந்துபோனது. வெளிக்கிடமுன் கை கழுவக் குளியலறைக்குப் போனேன். அலுமாரியைத் திறந்து கால்மிதியை எடுத்து, சுருண்ட மூலை கதவைப் பார்க்க விரித்தேன். நிலத்தில் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் இருந்தது. இருந்தது என்றால், நான்தான் ஊற்றினேன்.

அன்று பின்னேரம் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, இனி நடக்கமாட்டாராம். கால்மிதி எப்படி வெளியே வந்தது என்று நிரூபா என்னைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். அவள் பொலிசில் உங்களிடம் போய்க் கேட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு வியாழனும் தவறவில்லை. என்னைக் கண்டால் மற்றப்பக்கம் திரும்பிக்கொள்வார், இடுப்பு நோ இருக்கும்தானே. ஆனால் தாதி ஒரு விசயம் சொன்னார். வியாழக்கிழமை பத்துமணி நெருங்கினால் அங்கிளுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கிவிடுமாம், வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவேமாட்டாராம். பார்த்தீர்களா ஒஃபிசர், இப்பவும் என்னைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்.