முதுகைக் காட்டும் பாடம்

நாய்க்கு பிஸ்கட் போடுவதற்கும் நேரம் காலம் பார்க்க வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். அது தெரியாமல்தான் பாதிப் பேர் நாயைக் கெடுக்கிறார்கள்.

எங்கள் நாயை என் மனைவி சூறாவளி என்றுதான் கூப்பிடுவாள். வாசல் மணி அடித்தால் போதும், சோபாவில் ஏறி, திரைச்சீலையில் தொங்கி, வந்தவருடைய மூக்குக்கண்ணாடியை நக்கிவிட்டுத்தான் இறங்கும். தபால்காரர் ஒருமுறை பையோடு படிக்கட்டில் உருண்டார். அன்றிலிருந்து எங்கள் தபாலைத் தெருமுனையில் நின்றே வீசினார். ஒருநாளும் குறி தப்பியதில்லை.

நாய் பழக்குபவரை வரவழைத்தோம்.

"பெரியவரே, அது குதிச்சா முதுகைக் காட்டுங்க. அடங்கினதும் திரும்பி ஒரு பிஸ்கட் குடுங்க. அடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பினாக்கூட, பட்ட பாடெல்லாம் பாழ்."

என் முதுகைப் பார்த்துப் பார்த்தே நாய் பெரும்பாலும் வழிக்கு வந்தது. "முதுகுக்கு இவ்வளவு மரியாதையா! எனக்கும் ஒரு பிஸ்கட் போடுங்களேன்," என்று மனைவி கேலி செய்தாள்.

அவளாகக் கேட்டதுதான், சார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பால் பொங்கினால் ஒரு கூப்பாடு, கரப்பான் ஓடினால் ஒரு கூப்பாடு. கூப்பாடு போட்டால் முதுகு, அடங்கினால் பிஸ்கட். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். பிறகு கூப்பாட்டையும். வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா.

நாய்க்கு எட்டாமல் பிஸ்கட் டப்பாவைச் சமையலறை அலமாரியின் உச்சியில் வைத்திருந்தேன். அன்று அதை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினாள். ஸ்டூல் சாய்ந்தது. தலை சமையல் மேடை விளிம்பில் மோதியது. "என்னங்க!" என்று அலறினாள். நாய் அவளைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் என்ன செய்வதென்று பழக்குபவர் சொல்லித் தரவில்லை. என் கையில் என்ன இருக்கிறது? சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். போன் சட்டைப்பையில்தான் இருந்தது.

"ரத்தம் வருதுங்க, யாரையாவது கூப்பிடுங்க."

குரல் உயர்ந்துதான் இருந்தது.

"நான் கத்தலைங்க. பாருங்க, கத்தவே இல்லை."

நல்ல முன்னேற்றம். ஆனால் நாய் இன்னும் அடங்கவில்லையே.

கடைசியில் இரண்டு பேரும் அடங்கினார்கள். திரும்பினேன். டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

அவள் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கத்தவில்லை என்று அவள் சொன்னபோதே தெரியும். தெரிந்துதான் நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். இப்போது நான் கூப்பிட்டால் அந்த நாய் முதுகைக் காட்டுகிறது. நான் இன்னும் அடங்கவில்லை என்று நினைக்கிறதோ என்னவோ. நான் எவ்வளவு அமைதியாக இருக்கிறேன், நீங்களே பார்க்கிறீர்களே.